'உங்க ரத்தம் தானே, பயம் எதுக்கு?' - பளபளப்பு ஊசியின் பகீர் பின்னணி!

சென்னை: முகமெல்லாம் ரத்தம் வழிய ஒருவர் எதிரே வந்து நின்றால் என்ன செய்வோம்? ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடுவோம். ஆனால் இப்போது அந்த ரத்தத்தை முகத்தில் பூசிக் கொள்வதற்கே பணம் கட்டி, அப்பாயின்ட்மென்ட் வாங்கி, ஏ.சி. ரூமில் காத்துக் கிடக்கிறார்கள்.

இதற்குப் பெயர் வாம்பயர் பேஷியல். நம்ம ஊர் பாஷையில் சொன்னால் ரத்தக் காட்டேரி பேஷியல்! டாக்டர்கள் இதை பி.ஆர்.பி. சிகிச்சை என்கிறார்கள். முகச் சுருக்கம் போகும், பருத் தழும்பு மறையும், கண்ணுக்குக் கீழே கருவளையம் குறையும், தோல் பளபளக்கும் என்று சொல்லப்படுகிறது. முடி கொட்டுகிறதா? தலையிலும் இதே ஊசிதான்.

சென்னையில் பெரிய ஸ்கின் கிளினிக்குகளில் தொடங்கிய இந்த சிகிச்சை, இப்போது மாவட்டத் தலைநகரங்கள் வரை பரவி விட்டது. கல்யாணத்துக்கு 3 மாதம் முன்பே மணப்பெண்ணுக்கு பேக்கேஜ், மாப்பிள்ளைக்குத் தனி பேக்கேஜ் என்றெல்லாம் விளம்பரம் வருகிறது. ஒரு சிட்டிங் போதாது. மாதம் ஒன்று வீதம் மூன்று, நான்கு என்று போக வேண்டும். ஒவ்வொன்றுக்கும் சில ஆயிரங்கள் பழுத்து விடும்.

தயங்குகிற ஆளிடம் சொல்வதற்கு ஒரு ரெடிமேட் வசனம் இருக்கிறது. "உங்க ரத்தம்தான் மேடம். கெமிக்கல் கிடையாது. அடுத்தவங்க ரத்தமும் கிடையாது. பயப்பட என்ன இருக்கு?"

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அமெரிக்காவில் இந்த பேஷியலுக்குப் போன பெண்களில் 3 பேருக்கு எச்.ஐ.வி. தொற்றியிருக்கிறது. "பெரும்பாலும் அந்த ஸ்பாவில்தான் தொற்றியிருக்க வேண்டும்" என்ற முடிவோடு அந்த நாட்டின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2024 ஏப்ரலில் அறிக்கை வெளியிட்டது. அழகுக்காகப் போட்டுக் கொண்ட ஊசியால் எச்.ஐ.வி. பரவியதாகப் பதிவான முதல் சம்பவம் இது.

'அவரவர் ரத்தம் அவரவருக்கே' என்றால், அடுத்தவரின் நோய் எப்படி வந்தது? விஷயமே அங்கேதான் இருக்கிறது.

ஃப்ரிட்ஜில் சாப்பாடு, பக்கத்தில் ரத்தம்!

நியூ மெக்சிகோ மாநிலத்தில் ஆல்புகர்க்கி என்று ஒரு ஊர். அங்கே 'வி.ஐ.பி. ஸ்பா' என்ற பெயரில் ஒரு அழகு நிலையம் நடந்து வந்தது. 2018 கோடையில் மாநில சுகாதாரத் துறைக்கு ஒரு தகவல் வருகிறது. நடுத்தர வயதுப் பெண் ஒருவர் வெளிநாட்டில் இருந்தபோது எடுத்த டெஸ்டில் எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. போதை ஊசிப் பழக்கம் இல்லை. ரத்தம் ஏற்றிக் கொள்ளவில்லை. எச்.ஐ.வி. உள்ள யாரோடும் உறவு இல்லை. ஊசி என்று உடம்பில் பட்டது ஒரே ஒரு இடத்தில்தான். சில மாதங்களுக்கு முன்பு அந்த ஸ்பாவில் செய்து கொண்ட வாம்பயர் பேஷியல்!

அதிகாரிகள் ஸ்பாவுக்குள் நுழைந்து பார்த்தார்கள். சமையலறை மேடையில் ரத்த ட்யூப்கள் ஸ்டாண்டில் வரிசையாக நின்றன. ஒன்றில் கூட பெயர் இல்லை. அதே சமையலறை ஃப்ரிட்ஜைத் திறந்தால், சாப்பாட்டுப் பொருட்களோடு பெயர் ஒட்டாத ரத்த ட்யூப்களும், ஊசி மருந்துகளும்! உறை பிரித்த சிரிஞ்சுகள் மேஜை டிராயரில் கிடந்தன. சில சாதாரண குப்பைக் கூடையில் கிடந்தன. கருவிகளை நீராவியில் வைத்துக் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ் மருந்துக்குக் கூட இல்லை. ஒரு தடவை பயன்படுத்திவிட்டு எறிய வேண்டிய முனைகளை ஸ்பிரே அடித்துத் துடைத்து மறுபடி பயன்படுத்தியதும் தெரிய வந்தது.

ஸ்பாவுக்கு லைசென்சே இல்லை. அந்த ஆண்டே இழுத்து மூடப்பட்டது. உரிமையாளரான பெண், லைசென்ஸ் இல்லாமல் மருத்துவம் பார்த்ததாக 5 குற்றச்சாட்டுகளை 2022-ல் ஒப்புக் கொண்டார். மூன்றரை ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

அதோடு கதை முடிந்தது என்றுதான் நினைத்தார்கள். ஆனால் 2023-ல் இன்னொரு பெண்ணுக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரிகிறது. விசாரித்தால், அவரும் 2018-ல் அதே ஸ்பாவுக்குப் போனவர்! ஐந்து வருடமாக உடம்புக்குள் இருந்தது அவருக்கே தெரியாது. விசாரணைக் கோப்பை மறுபடி தூசு தட்டி எடுத்தார்கள்.

கடைசியில் கணக்கெடுத்தபோது, ஸ்பா வாடிக்கையாளர்களில் 4 பெண்கள், அதில் ஒருவருடைய துணைவர் என மொத்தம் 5 பேருக்கு எச்.ஐ.வி. இருந்தது. ஐந்து பேரின் வைரசையும் மரபணு சோதனையில் ஒப்பிட்டால் ஒன்றுக்கொன்று மிக நெருக்கமாக இருந்தன. இதில் அந்த ஜோடிக்கு மட்டும் ஸ்பாவுக்குப் போவதற்கு முன்பே தொற்று இருந்திருக்கலாம் என்று கருதப்படுகிறது. மற்ற 3 பெண்களுக்கும் ஸ்பாவைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

ஊசி வழியாகவா, ட்யூப் வழியாகவா? எந்தப் பொருளில் இருந்து பரவியது என்பது கடைசி வரை உறுதியாகவில்லை.

டெங்கு காய்ச்சலில் கேட்ட அதே பெயர்!

சரி, இந்த சிகிச்சைதான் என்ன? பிளேட்லெட் என்ற வார்த்தை தமிழ்நாட்டில் குழந்தைக்குக் கூடத் தெரியும். டெங்கு வந்து படுத்தவர் வீட்டில் போன் எடுத்தால் முதல் கேள்வியே "பிளேட்லெட் எவ்வளவு?" என்பதுதானே. அதே தட்டணுக்கள்தான் இங்கேயும் ஹீரோ.

ஒரு மைக்ரோ லிட்டர் ரத்தத்தில் ஒன்றரை லட்சத்தில் இருந்து நாலரை லட்சம் வரை தட்டணுக்கள் இருக்கும். காயம் பட்டால் முதலில் ஓடி வந்து அடைப்பது இவைதான். அடைப்பதோடு நிற்காமல், புதுத் திசு வளரத் தூண்டும் பொருட்களையும் அங்கே கொட்டுகின்றன. இவற்றை மொத்தமாகத் திரட்டி வேண்டிய இடத்தில் போட்டால் என்ன என்ற யோசனையில் பிறந்ததுதான் பி.ஆர்.பி.

கையில் இருந்து 10, 20 மில்லி ரத்தம் எடுப்பார்கள். உறையாமல் இருக்க மருந்து கலந்த ட்யூபில் விட்டு, சென்ட்ரிபியூஜ் மெஷினில் வைத்துச் சுற்றுவார்கள். மோரைக் கடைந்தால் வெண்ணெய் தனியாகத் திரள்கிற மாதிரி, சிவப்பணுக்கள் அடியில் போய்விடும். மேலே மஞ்சள் நிறத்தில் பிளாஸ்மா நிற்கும். அதில் தட்டணுக்கள் செறிவாக உள்ள பகுதியை மட்டும் உறிஞ்சி எடுத்து முகத்தில் ஊசியாகப் போடுவார்கள். அல்லது நுண் ஊசிகள் பதித்த ரோலரையோ பேனா மாதிரி மெஷினையோ முகத்தில் ஓட்டிப் பொடிப்பொடியாகத் துளை போட்டு, மேலே இதைத் தடவுவார்கள். விளம்பரப் படங்களில் முகம் சிவப்பாக இருப்பது இந்தத் துளைகளில் கசிந்த ரத்தத்தால்தான்.

இது ஒன்றும் பியூட்டி பார்லரில் பிறந்த சமாச்சாரம் இல்லை. 1998-ல் அமெரிக்க தாடை அறுவை சிகிச்சை நிபுணர் ராபர்ட் மார்க்ஸ், தாடை எலும்பு ஒட்டு வைக்கும் இடத்தில் பி.ஆர்.பி. போட்டுக் காட்டிய பிறகு மருத்துவ உலகம் திரும்பிப் பார்த்தது. பிறகு விளையாட்டு வீரர்களின் முழங்கால், தோள்பட்டைக்குப் போனது. கோல்ஃப் வீரர் டைகர் உட்ஸ் தனக்கு இந்த சிகிச்சை எடுத்ததை 2010-ல் சொன்னார். ஆறாத புண்களுக்கும், நம் நாட்டில் தொழுநோயாளிகளின் கால் புண்ணுக்கும் கூட இந்த முறை பயன்படுத்தப்படுகிறது.

முகத்துக்கு வந்த பிறகுதான் காட்டேரிப் பெயர். சார்லஸ் ரனல்ஸ் என்ற அலபாமா டாக்டர் அந்தப் பெயரை டிரேட்மார்க்கே செய்து வைத்திருக்கிறார். 2013-ல் டி.வி. நட்சத்திரம் கிம் கர்தாஷியன் முகமெல்லாம் ரத்தத்தோடு போட்ட போட்டோ உலகம் பூராவும் சுற்றியது. அதே கிம், "இனி இதைச் செய்து கொள்ளவே மாட்டேன்" என்கிற ரீதியில் 2018-ல் எழுதினார். சிகிச்சைக்குக் கொஞ்சம் முன்புதான் கர்ப்பமாக இருப்பது தெரிந்து, மரத்துப் போகும் கிரீம் கூடப் போட முடியாமல் வலியில் துடித்தாராம். போட்டோ சுற்றிய அளவுக்கு இந்தப் பேச்சு சுற்றவில்லை!

பலன் உண்டா, இல்லையா?

சுத்தமாக டுபாக்கூர் என்றும் சொல்ல முடியாது. விளம்பரத்தில் சொல்கிற அளவுக்கும் இல்லை.

தலைமுடி விஷயத்தில் ஓரளவு நல்ல ஆதாரம் இருக்கிறது. பருத் தழும்புக்கும் பலன் தெரிகிறது. ஆனால் அங்கே ஒரு வேடிக்கை. இந்தியாவில் 50 பேரிடம் நடத்தி 2016-ல் வெளியான ஆய்வு ஒன்று. ஒவ்வொருவருக்கும் முகம் முழுக்க நுண் ஊசி ஓட்டினார்கள். ஒரு பக்கம் பி.ஆர்.பி., மறு பக்கம் வெறும் காய்ச்சி வடித்த தண்ணீர்! பி.ஆர்.பி. போட்ட பக்கம் தழும்பு சுமார் 62 சதவீதம் குறைந்தது. தண்ணீர் போட்ட பக்கம்? அதுவும் சுமார் 46 சதவீதம் குறைந்திருந்தது. அதாவது பெரும்பகுதி வேலையைச் செய்தது ஊசிக் குத்துதான். ரத்தம் கொஞ்சம் கூடுதல் உதவி.

சுருக்கத்துக்கும் பளபளப்புக்கும் கதை இன்னும் சுமார். சிகாகோ நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக டாக்டர்கள் 2018-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு கன்னத்தில் பி.ஆர்.பி., மறு கன்னத்தில் உப்புத் தண்ணீர் ஊசி போட்டார்கள். எந்தப் பக்கம் எது என்று தெரியாத டாக்டர்கள் போட்டோக்களைப் பார்த்து மதிப்பெண் போட்டபோது, இரண்டு கன்னத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் சிகிச்சை எடுத்தவர்கள் மட்டும் பி.ஆர்.பி. பக்கம் தோல் மிருதுவாக இருப்பதாகச் சொன்னார்கள். முப்பது பேருக்கும் குறைவானவர்களிடம் நடந்த சின்ன ஆய்வுதான். அதற்காகத் தள்ளி விடவும் முடியாது. கண்ணாடி முன்னால் நின்று பார்க்கிறவருக்குத் தெரிகிற மாற்றம் எதிர் வீட்டுக்காரருக்குத் தெரியாமல் போகலாம். அதற்குத்தான் இத்தனை ஆயிரமா என்பது அவரவர் பர்ஸ் சம்பந்தப்பட்டது.

இன்னொரு சங்கடமும் உண்டு. மாத்திரை என்றால் 500 மில்லி கிராம் என்று அட்டையில் இருக்கும். இதில் அப்படி எந்த அளவும் கிடையாது. எத்தனை நிமிடம் சுற்றினார்கள், எந்த வேகத்தில் சுற்றினார்கள், எந்தப் பகுதியை எடுத்தார்கள் என்பதைப் பொறுத்து தட்டணு எண்ணிக்கை மாறும். ஒரு மைக்ரோ லிட்டரில் 10 லட்சமாவது இருந்தால்தான் வேலை செய்யும் என்பது ராபர்ட் மார்க்ஸ் காலத்துக் கணக்கு. பல இடங்களில் எண்ணிப் பார்ப்பதே இல்லை. மஞ்சளாக இருந்தால் பி.ஆர்.பி., அவ்வளவுதான்!

லேபிள்தான் ஒரே சாட்சி

இப்போது பழைய கேள்விக்கு வருவோம். உங்க ரத்தம்தான், ஒப்புக் கொள்கிறோம். ஆனால் அது உடம்பை விட்டு வெளியே வந்த நிமிடத்தில் இருந்து, அது உங்களுடையது என்பதற்கு ஒரே சாட்சி ட்யூபில் ஒட்டிய லேபிள்தான். சனிக்கிழமை சாயங்காலம் நாலு பேர் காத்திருக்கும் இடத்தில், ஒரே மெஷினில் நாலு ட்யூப் சேர்ந்து சுற்றுகிறது. நின்ற பிறகு பார்த்தால் நாலிலும் ஒரே மஞ்சள். எது யாருடையது? பெயர் இல்லை என்றால் ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்.

அடுத்து ஊசி. ரோலரில் நூற்றுக்கணக்கான நுண் ஊசிகள் இருக்கும். அத்தனையும் ரத்தத்தில் தோய்ந்து வெளியே வரும். ஒருவருக்கு ஒரு முறைதான், பிறகு எறிந்துவிட வேண்டும். பேனா மெஷின் என்றால் முனையில் உள்ள கேட்ரிட்ஜை மாற்ற வேண்டும். துடைத்து வைத்து அடுத்த ஆளுக்கு ஓட்டினால் முடிந்தது கதை. "உங்க ரோலரை உங்க பேர்லயே எடுத்து வெச்சிருக்கோம், அடுத்த சிட்டிங்குக்கு யூஸ் ஆகும்" என்று சிக்கனம் பேசினாலும் ஒத்துக் கொள்ளாதீர்கள்.

ரத்தம் எடுக்கும் சிரிஞ்ச், பிளாஸ்மா உறிஞ்சும் சிரிஞ்ச், மரத்துப் போக வைக்கும் மருந்துக் குப்பி என்று இன்னும் எத்தனையோ வாசல்கள். ஒரே குப்பியில் இருந்து பலருக்கு மருந்து எடுக்கும்போது, பயன்படுத்திய ஊசியை ஒரு முறை உள்ளே விட்டால் போதும். குப்பியே கெட்டுப் போகும்.

எச்.ஐ.வி. பெயரைக் கேட்டால்தான் நமக்குப் பதறும். உண்மையில் அதைவிட வேகமாகப் பரவக் கூடியது ஹெபடைடிஸ் பி. மருத்துவப் பணியாளர்களுக்கு ஊசி குத்திவிடும் சம்பவங்களை வைத்து டாக்டர்கள் ஒரு தோராயக் கணக்கு சொல்வார்கள். எச்.ஐ.வி. உள்ளவருக்குப் போட்ட ஊசி குத்தினால் ஆயிரத்தில் 3 பேருக்குத் தொற்றலாம். ஹெபடைடிஸ் சி என்றால் நூற்றுக்கு 2, 3 பேர். ஹெபடைடிஸ் பி என்றால், தடுப்பூசி போடாதவர்களில் நூற்றுக்கு 30 பேர் வரை! அந்த வைரஸ் காய்ந்த ரத்தத் துளியில் கூட 7 நாள் உயிரோடு இருக்கும். மேஜையைத் துணியால் துடைத்தால் போய்விடாது.

'உங்க ரத்தம்தான்' என்ற அந்த ஒரு வசனம் செய்கிற வேலை என்ன தெரியுமா? இதையெல்லாம் கேட்கவே தோன்றாமல் செய்து விடுகிறது. 2000-களின் தொடக்கத்தில் தமிழ்நாடு பூராவும் சுவர்களில் 'புள்ளிராஜா'வைப் பார்த்து வளர்ந்த தலைமுறை நாம். முடிவெட்டும் கடையில் "புது பிளேடு போடுங்கண்ணே" என்று கேட்கப் பழகியவர்கள். இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டுபிடிக்கப்பட்டதே 1986-ல், சென்னை மருத்துவக் கல்லூரி டாக்டர் சுனிதி சாலமன் குழுவால்தான். 50 ரூபாய் ஷேவிங்குக்குக் கேள்வி கேட்கிற நாமே, 5 ஆயிரம் ரூபாய் கட்டிவிட்டு கண்ணை மூடிப் படுத்துக் கொள்கிறோம். ஏ.சி.யும், வெள்ளைக் கோட்டும், ரிசப்ஷன் பெண்ணின் சிரிப்பும் அப்படி!

ஒரே வருடம், மூன்று ஊர்

அமெரிக்க ஸ்பா விவகாரம் வெளிவந்த அதே 2018-ல் நம் நாட்டில் நடந்ததையும் ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறது. பிப்ரவரியில் உத்தரப்பிரதேசம் உன்னாவ் மாவட்டத்தில் டஜன் கணக்கானோருக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரிய வந்தது. ஒரு போலி டாக்டர் ஒரே ஊசியைப் பலருக்கும் போட்டதாகப் புகார். டிசம்பரில் நம்ம சாத்தூர். அரசு மருத்துவமனையில் கர்ப்பிணிக்கு ஏற்றிய ரத்தத்தில் எச்.ஐ.வி. இருந்தது. சிவகாசி அரசு மருத்துவமனை ரத்த வங்கியில் இருந்து வந்த ரத்தம் அது. தமிழ்நாடே கொதித்தது.

சாத்தூரில் போனது அடுத்தவர் ரத்தம். சோதனையில் கோட்டை விட்டார்கள். அதனால்தான் 'அடுத்தவர் ரத்தம் ஆபத்து, நம்ம ரத்தம் பத்திரம்' என்று மனதில் பதிந்து விட்டது. ஆனால் ரத்த வங்கிக்கு லைசென்ஸ் உண்டு, கட்டாயப் பரிசோதனை உண்டு, பதிவேடு உண்டு, தப்பு நடந்தால் கேட்க ஆள் உண்டு. அத்தனையும் இருந்தே ஓட்டை விழுந்தது. இங்கே சந்து முனையில் ஷட்டர் போட்ட அழகு நிலையத்தில், சின்ன மெஷினை டேபிளில் வைத்து ரத்தம் பிரிக்கிறவரை யார் கேட்கிறார்கள்?

சட்டம் இல்லாமல் இல்லை. தமிழ்நாட்டில் தனியார் கிளினிக்குகளை முறைப்படுத்தும் சட்டம் 1997-லேயே வந்துவிட்டது. விதிகள் வர 2018 வரை 21 வருடம் ஆனது என்பது நம்ம வேகத்துக்கு ஒரு சாம்பிள்! அந்தச் சட்டப்படி கிளினிக் நடத்த மாவட்ட சுகாதாரப் பணிகள் இணை இயக்குநரிடம் பதிவு செய்ய வேண்டும். ஆனால் 'நாங்க கிளினிக் இல்லைங்க, பார்லர்தான்' என்கிறவர்கள் மாநகராட்சி தொழில் உரிமத்தை மாட்டிக் கொண்டு தப்பி விடுகிறார்கள். பேஷியல் என்ற பெயரே அதற்குத் தோதாக இருக்கிறது. பழக்கூழ் தடவுவதும் பேஷியல், ஊசியால் துளைத்து ரத்தம் விடுவதும் பேஷியலா?

இந்த இடைவெளிக்கு சென்னை ஏற்கனவே ஒரு உயிரைக் கொடுத்திருக்கிறது. 2016-ல் சென்னை மருத்துவக் கல்லூரியின் இறுதியாண்டு மாணவர் ஒருவர், நகரின் மையப் பகுதியில் இருந்த ஒரு நிலையத்தில் முடி நடும் சிகிச்சை எடுத்துக் கொண்ட பிறகு உயிரிழந்தார். டாக்டருக்குப் படித்தவர்! அந்த இடத்துக்கு சலூன் நடத்தத்தான் அனுமதி இருந்தது என்று அப்போது செய்திகள் வந்தன. தேசிய மருத்துவ ஆணையம் 2022-ல் வழிகாட்டுதல் வெளியிட்டது. முடி நடுவது போன்ற அழகு சிகிச்சைகளை முறையாகப் பயிற்சி பெற்ற டாக்டர்கள்தான் செய்ய வேண்டும், பட்டறையில் உட்கார்ந்தோ யூ டியூப் பார்த்தோ கற்றுக் கொண்டது செல்லாது என்று அதில் தெளிவாகவே இருக்கிறது. யூ டியூப் பார்த்து ஆபரேஷன் செய்யாதீர்கள் என்று ஒரு ஆணையமே எழுத வேண்டி வந்ததை என்னவென்று சொல்ல?

போறதுன்னு முடிவு பண்ணிட்டீங்களா?

பி.ஆர்.பி. என்றாலே எச்.ஐ.வி. என்று பீதி கிளப்புவது நம் வேலை இல்லை. ஒழுங்கான தோல் டாக்டர்கள் தினமும் செய்கிறார்கள். ஆல்புகர்க்கியில் தப்பு சிகிச்சையில் இல்லை, சமையலறையில்.

அதனால் போகிறவர்கள் கண்ணைத் திறந்து வைத்துக் கொண்டு போங்கள். முதலில் செய்யப் போவது யார்? 'காஸ்மெட்டாலஜிஸ்ட்', 'ஏஸ்தெட்டிக் எக்ஸ்பர்ட்' என்று போர்டில் எது வேண்டுமானாலும் எழுதலாம். டாக்டர் என்றால் மருத்துவ கவுன்சில் பதிவு எண் இருக்கும். அதை மருந்துச் சீட்டில் போட வேண்டும் என்பது விதி. தமிழ்நாடு மருத்துவ கவுன்சில் வெப்சைட்டில் எண்ணைத் தட்டினால் ஆள் நிஜமா என்று தெரிந்துவிடும். போர்டில் டாக்டர் பெயர், ஊசி ஓட்டுவது வேலைக்கு வந்து ஆறு மாதம் ஆன பெண் என்ற கூத்தும் நடக்கிறது. "டாக்டர் இருக்காரா, அவரே செய்வாரா?" என்று முதலிலேயே கேட்டு விடுங்கள்.

ரத்தம் எடுத்ததும் உங்கள் கண் எதிரிலேயே ட்யூபில் பெயர் எழுதச் சொல்லுங்கள். சுற்றி முடித்து வந்ததும் பெயரை நீங்களே படித்துப் பாருங்கள். ஊசி, ரோலர், கேட்ரிட்ஜ் எல்லாம் உறையோடு வர வேண்டும், உங்கள் முன்னால் பிரிக்க வேண்டும். முடிந்ததும் அவை எங்கே போகின்றன என்று ஒரு பார்வை பாருங்கள். 2016-ன் மருத்துவக் கழிவு விதிப்படி ஊசிகள் துளைபடாத வெள்ளை டப்பாவுக்கும், ரத்தம் தோய்ந்த பஞ்சு மஞ்சள் பைக்கும் போக வேண்டும். எல்லாம் ஒரே குப்பைக் கூடையில் விழுந்தால், அந்த இடத்தின் லட்சணத்தைத் தெரிந்து கொள்ள வேறு எதுவும் தேவையில்லை.

இதைக் கேட்டால் முகம் சுளிக்கிறார்களா? எழுந்து வந்து விடுங்கள். நல்ல டாக்டர் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார்.

எல்லோருக்கும் இது ஆகாது என்பதும் முக்கியம். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், தட்டணு குறைவாக உள்ளவர்கள், கர்ப்பிணிகள், முகத்தில் சீழ்ப் பரு, அக்கி இருப்பவர்கள் தவிர்க்க வேண்டும். காயம் பட்டால் தழும்பு தடித்து வளரும் உடல்வாகு உள்ளவர்களும் அப்படியே. நம்ம ஊர் மாநிறத் தோலில் ஊசி குத்திய இடம் கறுத்துப் போகவும் வாய்ப்பு உண்டு. வெள்ளைக்காரி போட்டோவைப் பார்த்துவிட்டுப் போனால், கருவளையத்துக்குப் பதில் கரும்புள்ளி வாங்கி வருவீர்கள். கண், புருவம் பக்கம் ஊசி தவறாக ரத்தக் குழாயில் இறங்கியதால் பார்வை பறிபோன சில சம்பவங்களும் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. ஆகவே "கண்ணுக்குக் கீழ ஃப்ரீயா போட்டு விடறேன்" என்று ஆஃபர் கொடுத்தால் அதை வாங்கிக் கொள்ளவே கொள்ளாதீர்கள்.

பில் கேளுங்க!

ஆல்புகர்க்கி விவகாரத்தில் அதிகம் கவனிக்கப்படாத சங்கதி ஒன்று இருக்கிறது. நோய் பரவியது தெரிந்ததும், அந்த ஸ்பாவுக்கு வந்து போன எல்லோரையும் கூப்பிட்டு டெஸ்ட் எடுக்க வேண்டியிருந்தது. ஆனால் யார் யார் வந்தார்கள் என்ற ஒழுங்கான பதிவே அங்கே இல்லை! கையால் கிறுக்கிய தாள்கள், கையெழுத்து வாங்கிய படிவங்கள், போனில் இருந்த நம்பர்கள் என்று பொறுக்கித்தான் அதிகாரிகள் பட்டியல் போட்டார்கள். 2018-ல் இருந்து 2023 வரை, வாடிக்கையாளர்களும் அவர்கள் துணைவர்களுமாக சுமார் 200 பேருக்குப் பரிசோதனை நடந்தது. அதற்குப் பிறகும் எத்தனை பேர் விட்டுப் போயிருப்பார்களோ.

இங்கே? "பில் வேணும்னா ஜி.எஸ்.டி. சேர்த்து வரும் மேடம், கேஷ்னா குறைச்சுக்கலாம்" என்றதும் சரி என்று விடுகிறோம். வீட்டுக்காரருக்குத் தெரியாமல் போகிறவர்கள், மாமியாருக்குத் தெரியாமல் போகிறவர்கள் வேறு பெயர் கூடக் கொடுப்பதுண்டு. நாளைக்கு அந்த இடத்தில் ஏதாவது வெடித்தால், உங்களைத் தேடி வர யாருக்கும் வழி இருக்காது. மிச்சமாகும் நூறு, இருநூறு ரூபாயை விட அந்தத் துண்டுச் சீட்டு பெரிது.

ஏற்கனவே இப்படி ஏதாவது ஒரு இடத்தில் செய்து கொண்டு மனதுக்குள் உறுத்தலாக இருக்கிறதா? ரொம்ப யோசிக்க வேண்டாம். அரசு மருத்துவமனைகளில் உள்ள 'நம்பிக்கை மையம்' போனால் எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம். பெயர் வெளியே போகாது. அதோடு ஹெபடைடிஸ் பி, சி டெஸ்டும் டாக்டரிடம் கேட்டு எடுத்துக் கொள்ளலாம். அடுத்தவருக்குப் போட்ட ஊசி உங்கள் மேல் பட்டது நிச்சயம் என்றால், 72 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்கு ஓடுங்கள். தொற்றைத் தடுக்கும் மாத்திரையை அதற்குள் தொடங்கியாக வேண்டும், 28 நாள் சாப்பிட வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. போனில் கேட்க 1097. கட்டணம் கிடையாது.